உருண்டையின் பின்பக்கமும் ஒரு நீலக் கிளிப்பும்

சுத்தம் என்று வந்துவிட்டால் அந்த வீட்டை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அக்கம்பக்கத்தார் சொல்லவில்லை. வீட்டிலிருந்த மூன்று பேரும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டார்கள், அதுவும் தன்னைப் பற்றி மட்டும்.

வீட்டுக்காரன் கார்களுக்குப் பாலிஷ் போடுகிறவன். தெருமுனையில் அவனுக்குச் சொந்தமாகப் பட்டறை இருந்தது. சேற்றில் புரண்டு வந்த வண்டியும் அவன் கையை விட்டுப் போகும்போது, பக்கத்தில் நின்று தலை சீவிக்கொள்கிற மாதிரி இருக்கும். மாமனார் வாழ்நாள் முழுக்க லாண்டரி நடத்தி ஓய்ந்தவர். ஓய்ந்தது கடைதான், வாய் ஓயவில்லை. மையோ கிரீஸோ உதட்டுச் சாயமோ, எந்தக் கறையைக் காட்டினாலும் அது எப்போது, எந்த அவசரத்தில் பட்டது என்று சொல்லிவிடுவார். மனைவிக்கு ஆஸ்பத்திரி வேலை. ஆபரேஷன் கத்திகளையும் கத்தரிகளையும் கழுவி, துணியில் பொதிந்து, நீராவிப் பெட்டிக்குள் வைத்துக் கிருமியைக் கொல்கிற பிரிவு. கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை அவள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அவள் பகையெல்லாம் கண்ணுக்குத் தெரியாததோடு.

இப்படிப்பட்ட மூவர் காவல் இருக்கிற வீட்டில், ஒரு பச்சைக் குழந்தையின் பின்பக்கம் சிவந்துபோனது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆனால் சிவந்துதான் இருந்தது. வியாழக்கிழமை காலை டயப்பரைப் பிரித்த பாலிஷ்காரன் அப்படியே நின்றான். உருண்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பெண் குழந்தை, தன் காலைத் தானே பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டு, ஊர்க்கவலை எதுவும் இல்லாமல் கிடந்தது. ஆனால் தண்ணீர் பட்டதும் வீறிட்டது.

“என்னங்க, என்ன பண்ணீங்க?” சமையலறையிலிருந்து மனைவி பாய்ந்து வந்தாள்.

“நான் ஒண்ணும் பண்ணல. தண்ணி பட்டதும் கத்தறா.”

மனைவி குனிந்து பார்த்தாள். மாமனார் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். மூன்று தலைகளும் தொட்டிலுக்கு மேல் முட்டிக்கொண்டன.

“நேத்து இவ்வளவு இல்லையே” என்றார் மாமனார்.

“நேத்து நீங்க எப்ப பாத்தீங்க?” என்று பாலிஷ்காரன் கேட்டான்.

“தாத்தான்னு ஒருத்தன் இருந்தா பாக்க மாட்டானா மாப்ளே?” என்றவர் பேச்சை அத்தோடு மடித்து வைத்துவிட்டார்.

மனைவி நிமிர்ந்து கதவுக்குப் பின்னால் தொங்கிய சீருடையைப் பார்த்தாள். பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். வெறுமனே சேருவதல்ல. அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளராக அவள் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். பல வருஷமாகக் காத்திருந்து கைக்கு வந்தது. திங்கட்கிழமை அவள் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போகும் என்று மேலிடத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்கள். சீருடையை மாமனாரே தன் கையால் இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். அதன் மடிப்பு முனையில் காய் நறுக்கலாம்.

“இது போகலைன்னா நான் திங்கக்கிழமை போக மாட்டேன்” என்றாள் மனைவி. “புள்ள புண்ணோட கிடக்கும்போது நான் அங்க போய்க் கத்தரிக்கோலை எண்ணிட்டு இருக்கணுமா?”

“அதெல்லாம் போயிடும்” என்றான் பாலிஷ்காரன். “ரெண்டே நாள். என்கிட்ட விடு. நான் பாக்காத மேற்பரப்பா?”

அவள் வேலைக்குப் போகத் தொடங்கியதும், காலை முழுக்கக் குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், பட்டறையை மதியத்துக்கு மேல் திறப்பதாகவும், அந்நேரம் மாமனார் பொறுப்பேற்பதாகவும் ஏற்பாடு. “நீ நிம்மதியா போயிட்டு வா, உள்ளங்கையில வச்சுத் தாங்கறேன்” என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லார் முன்னாலும் மார்தட்டியிருந்தான். பட்டறைக்கு வந்த வாடிக்கையாளர்களிடமும்கூட, பம்பரைத் துடைத்துக்கொண்டே, குழந்தை வளர்ப்பைப் பற்றி இலவசமாக வகுப்பெடுத்திருந்தான். இப்போது அந்தப் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்கிற மாதிரி உருண்டையின் பின்பக்கம் சிவந்து நின்றது.

அவனுக்குத் தன் முறையில் துளி சந்தேகமும் இல்லை. முதலில் வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு குழந்தை சோப்பைக் கையிலேயே நுரைக்கவைத்துப் பூசுவான். பிறகு மறுபடியும் தண்ணீர். கடைசியாக மஞ்சள் நிற மைக்ரோஃபைபர் துணி. காரின் மேல் ஒருமுறைகூடப் படாத புத்தம் புதுத் துணி அது. உருண்டைக்கென்றே வாங்கி, தனி உறையில் போட்டு, பட்டறை ஆட்கள் யாரும் தொடக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தான். அதைக் கொண்டு சின்னச் சின்ன வட்டமாகத் துடைத்து, ஈரம் போய் ‘பளிச்’ என்று வந்த பிறகுதான் டயப்பர் மாட்டுவான்.

மாமனாரின் முறை வேறு. கழுவுவதெல்லாம் அவசரக்காரன் வேலை என்பது அவர் கட்சி. பழைய வெள்ளைப் பருத்தித் துணியைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அழுத்தி அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும். கடைசியில் பவுடர். சட்டைக் காலருக்குக் கஞ்சி போட்ட கை அல்லவா, பவுடரிலும் கஞ்சத்தனம் கிடையாது. அவர் மாற்றிவிட்ட பிறகு தொட்டிலைச் சுற்றிச் சின்னதாகப் பனி மூட்டம் நிற்கும்.

மனைவி பேபி வைப்ஸ் கட்சி. ஈரக் காகிதத்தை உருவி, ஒரு தடவை துடைத்து, மடித்து, இன்னொரு தடவை துடைத்து, எறிந்துவிட்டு அடுத்ததை உருவுவாள். கடைசிக் காகிதம் வெள்ளையாகவே திரும்பி வரும்வரை உருவிக்கொண்டே இருப்பாள்.

“உன் முறையில காகிதம் தீருமே தவிர அழுக்கு தீராது” என்பார் அப்பா.

“உங்க முறையில புள்ளைக்குத் தும்மல் தீராது” என்பாள் மகள்.

“ரெண்டு பேரும் முடிச்சிட்டீங்களா? நான் போய்த் தண்ணியத் திறக்கறேன்” என்பான் பாலிஷ்காரன்.

இந்தச் சண்டையில் ஜெயித்தது யாரென்று தெரியவில்லை. தோற்றது யாரென்று வியாழக்கிழமை தெரிந்துவிட்டது.

அன்று முழுக்க அவன் வழக்கத்தைவிட உஷாராக இருந்தான். கழுவினான், நுரை போட்டான், துடைத்தான். மருந்துக் கடையில் கொடுத்த வெள்ளைக் களிம்பைத் தடவினான். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு சந்தேகத்துக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால் பவுடர் வாசனை. மாமனார் கைவரிசை. ‘பெரியவர் ஆசைப்பட்டுட்டார், சொன்னா மனசு சங்கடப்படும்’ என்று பெருந்தன்மையோடு நினைத்து, சத்தமில்லாமல் மறுபடியும் கழுவினான். சாயங்காலம் பிரித்தால் களிம்பையே காணோம். வைப்ஸின் பூ வாசனை மட்டும் இருந்தது. ‘பாவம், அவளுக்கு வேலைக்குப் போகணும்ங்கற பதற்றம்’ என்று அதையும் பெரிய மனசோடு மன்னித்து, மீண்டும் நுரை, மீண்டும் மஞ்சள் துணி.

அப்போதுதான் டயப்பர்ப் பெட்டி பாதிக்கு மேல் காலியாகியிருப்பதைக் கவனித்தான். பெட்டியைத் திறந்தே வெகுநாள் ஆகவில்லை.

“பாருங்க மாமா, பெட்டியில உள்ளே குறைச்சு வச்சு விக்கறானுங்க. ஏமாத்துக்காரப் பசங்க.”

“ஆமா மாப்ளே, காலம் கெட்டுப்போச்சு” என்றார் மாமனார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை காலை சிவப்பு இன்னும் பெரிதாகியிருந்தது. மனைவி சீருடையைக் கதவிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். அவள் கத்தியிருந்தால் பாலிஷ்காரன் தாங்கியிருப்பான். அந்த அலமாரிக் கதவு சாத்துகிற சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை.

“வா, கிளினிக்குக்குப் போவோம்” என்றான். “சட்டைய எடுத்து மறுபடி வெளிய மாட்டு. மடிப்பு கலைஞ்சா உங்கப்பா என்னத்தான் சும்மா விட மாட்டார்.”

குழந்தைகள் கிளினிக்கில் ஒரு நர்ஸ் இருந்தாள். குரலில் கொஞ்சம் கரகரப்பு, கண்ணில் நிரந்தரமாக ஒரு சிரிப்பு. உருண்டையைப் படுக்கவைத்து, டயப்பரைப் பிரித்து, மடிப்புகளை விலக்கி நிதானமாகப் பார்த்தாள். கொப்புளம் இருக்கிறதா, சீழ் இருக்கிறதா, காய்ச்சல் அடித்ததா, பால் குடிக்கிறாளா என்று கேட்டாள். எதுவும் இல்லை, பால் மட்டும் வஞ்சனையில்லாமல் குடிக்கிறாள் என்றார்கள்.

“டயப்பர் மாத்தறது யாரு?”

“நான்தான்” என்றான் பாலிஷ்காரன்.

“நான்தான்” என்றார் மாமனார்.

“நான்தான்” என்றாள் மனைவி.

மூன்று ‘நான்தான்’களும் ஒரே நேரத்தில் புறப்பட்டு அறை நடுவில் முட்டிக்கொண்டன. நர்ஸ் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“குழந்தை ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான்.”

“அப்ப ஒவ்வொருத்தரா வாங்க. இவ ஒரு தடவை ஈரம் பண்ணினா உங்க வீட்டுல என்ன நடக்கும்? முதல்ல யாரு?”

பாலிஷ்காரன் ஒரு அடி முன்னால் வந்தான். தண்ணீர், நுரை, தண்ணீர், மைக்ரோஃபைபர், சின்ன வட்டங்கள், களிம்பு. வாடிக்கையாளருக்கு விளக்குகிற அதே கம்பீரத்தோடு சொல்லி முடித்தான். “அப்புறம் நான் கை கழுவப் போவேன்.”

“அவர் கை கழுவப் போற நேரமா பாத்து...” என்று மாமனார் தொண்டையைக் கனைத்தார். “நான் லேசா ஒரு தடவை பிரிச்சுத் துடைச்சு விடுவேன்.”

“ஏங்க?”

“அவர் காரைத் துடைக்கிறவருங்க. இது என் பேத்தி.”

“மாமா!”

“இருங்க சார்” என்று நர்ஸ் கையைக் காட்டினாள். “நீங்க சொல்லுங்கம்மா.”

மனைவிக்கு முகம் சிவந்திருந்தது, கிட்டத்தட்ட உருண்டைக்குப் போட்டியாக. “அப்பா போட்ட பவுடரெல்லாம் மடிப்புல ஒட்டிட்டு இருக்கும். இவர் போட்ட சோப்பு சரியாப் போச்சோ இல்லையோன்னு வேற பயம். அதனால நான் பால் குடுக்கறதுக்கு முன்னாடி வைப்ஸ் வச்சு எல்லாத்தையும் எடுத்துடுவேன். வெள்ளையா வர்ற வரைக்கும்.”

“எல்லாத்தையும்னா களிம்பையுமா?” என்றான் பாலிஷ்காரன்.

“அது வெள்ளையா இருக்கே. எது களிம்பு எது பவுடர்னு எனக்கென்ன தெரியும்?”

“அப்புறம்? முடிஞ்சுதா?” என்றாள் நர்ஸ்.

பாலிஷ்காரன் தரையைப் பார்த்தான். “இல்ல. பூ வாசனை வந்தா நான் இன்னொரு தடவை கழுவுவேன்.”

டயப்பர்ப் பெட்டி ஏன் அவ்வளவு வேகமாகத் தீர்ந்தது என்பது மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மாமனார் திருதிருவென முழித்தார். டயப்பர் கம்பெனிக்காரனிடம் பாலிஷ்காரன் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

“ஆக, இவ ஒரு தடவை பண்ணின குத்தத்துக்கு நீங்க நாலு தடவை தண்டனை குடுக்கறீங்க” என்றாள் நர்ஸ்.

“தண்ணியில கழுவறது நல்லதா, துணியில ஒத்தறது நல்லதா, வைப்ஸா?” மாமனார் விடவில்லை. இங்கேயாவது தீர்ப்பு வாங்கிவிட வேண்டும் என்ற வேகம். “எது சரின்னு நீங்களே சொல்லிடுங்க.”

“மூணுமே சரிதாங்க ஐயா. நல்லா இருக்கிற தோலுக்கு எதுல துடைச்சாலும் பரவாயில்ல, வைப்ஸ் வாசனை இல்லாததா இருக்கணும், அவ்வளவுதான். ஆனா ஒரு தடவைக்கு ஒண்ணு. மூணையும் வரிசையா பண்ணினா எந்தத் தோல் தாங்கும்? அதுவும் பிறந்து ஒரு வருஷம்கூட ஆகாத தோல்.”

பாலிஷ்காரனின் காதில் அதற்குமேல் எதுவும் விழவில்லை. அவன் உருண்டையின் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிறத்தை அவன் எங்கோ பார்த்திருக்கிறான். எங்கோ என்ன, பட்டறையில்தான். புதிதாக வேலைக்கு வருகிறவன் பாலிஷ் மெஷினை ஒரே இடத்தில் வைத்து ஆசை ஆசையாகத் தேய்த்துக்கொண்டே இருந்தால், மேல் பெயிண்ட் கரைந்து உள்ளேயிருந்து செங்காவி நிறத்தில் அடிப்பூச்சு எட்டிப் பார்க்கும். அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் அவன் பட்டறையே அதிரக் கத்துவான்: “அழுக்குப் போனா கைய எடுடா! பெயிண்ட்டையும் சேத்துக் கழட்டவா உனக்குச் சம்பளம்?”

“அடிப்பூச்சு தெரிஞ்சிடுச்சு” என்று முணுமுணுத்தான்.

“என்னங்க?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல. பட்டறையில யாராவது இப்படிப் பண்ணியிருந்தா இந்நேரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.”

நர்ஸ் சிரித்துக்கொண்டே செய்ய வேண்டியதைச் சொன்னாள், செய்தும் காட்டினாள். தோல் ஆறும்வரை சோப்பு வேண்டாம், வைப்ஸ் வேண்டாம், பவுடர் எப்போதுமே வேண்டாம், அது குழந்தையின் மூச்சில் போகும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், பஞ்சு. முன்னாலிருந்து பின்னால் ஒரே திசையில். தேய்க்கவே கூடாது. மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் டயப்பர் இல்லாமல் காற்றாட விட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு துத்தநாகக் களிம்பைக் கெட்டியாகப் போட வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது அழுக்குப் பட்ட மேல்பகுதியை மட்டும் எடுத்தால் போதும், அடியில் ஒட்டியிருக்கிற களிம்பைச் சுரண்டக் கூடாது.

“ஈரம்னு தெரிஞ்சா உடனே மாத்துங்க. மலம் போனா அந்த நிமிஷமே. டயப்பரை இறுக்கிக் கட்டாதீங்க. ரெண்டு மூணு நாள்ல குறையலைன்னாலும், கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலும் டாக்டரைப் பாக்க நேரா இங்க வந்துடுங்க. புரிஞ்சுதா?”

மூவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினார்கள். உருண்டை பதிலுக்கு நர்ஸின் மேசை விரிப்பை நனைத்தது.

வீட்டுக்கு வந்ததும் புதிய சண்டை தொடங்கியது. முறை ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. செய்வது யார்?

“நானே பண்ணிடறேன், என் கைதான் மெதுவு” என்றாள் மனைவி.

“திங்கக்கிழமைக்கு அப்புறம்? உன் கைய வீட்டுல கழட்டி வச்சிட்டுப் போவியா?” என்றான் பாலிஷ்காரன். “யார் வேணா பண்ணலாம். ஒருத்தர் பண்ணினதை இன்னொருத்தர் பண்ணாம இருக்கறதுதான் விஷயம்.”

“அதுக்கு ஒருத்தர் பண்ணிட்டார்னு இன்னொருத்தருக்குத் தெரியணுமே” என்றார் மாமனார். “என் கடையில வெளுத்து முடிச்ச உருப்படியில நீல நூல் ஒண்ணு முடிஞ்சிடுவோம். நூல் இருந்தா எவனும் தொட மாட்டான். இல்லைன்னா ஒரே வேட்டிய நாள் பூராத் தொட்டியில போட்டுட்டு இருப்பானுங்க.”

“நாங்க பொட்டலத்து மேல ஒரு டேப் ஒட்டுவோம்” என்றாள் மனைவி யோசனையாக. “நீராவியில போய் வந்ததுன்னா அதுல கறுப்புக் கோடு விழும். கோடு இருந்தா மறுபடி யாரும் பிரிக்க மாட்டோம். பிரிச்சாதான் கெட்டுப்போகும்.”

பாலிஷ்காரன் இருவரையும் பார்த்தான். அவன் பட்டறையிலும் அப்படித்தான். முடிந்த வண்டியின் பக்கக் கண்ணாடியை உள்பக்கம் மடக்கி வைப்பான். மடங்கிய கண்ணாடியைப் பார்த்தால் யாரும் வாளியோடு கிட்டே போக மாட்டார்கள்.

“அடக் கொடுமையே” என்றான். “மூணு பேர் தொழில்லயும் முடிஞ்ச வேலைக்கு ஒரு அடையாளம் இருக்கு. நம்ம வீட்டுல இந்தப் புள்ளைக்கு மட்டும் இல்ல.”

எழுந்து பால்கனிக்குப் போனான். கொடியிலிருந்து ஒரு நீலத் துணிக் கிளிப்பைக் கழற்றிக்கொண்டு வந்து தொட்டிலின் கம்பியில் மாட்டினான்.

“இதோ. சுத்தம் பண்ணினவங்க இத மாட்டணும். இது கம்பியில இருக்கற வரைக்கும் டயப்பரை யாரும் பிரிக்கக் கூடாது, ‘சும்மா ஒரு பார்வை’யும் கிடையாது. டயப்பர் மேல இருக்கற மஞ்சக் கோடு நீலமாச்சுன்னா ஈரம். மூக்குக்குத் தெரிஞ்சா மத்தது. அப்ப மட்டும் கிளிப்பைக் கழட்டணும். கழட்டினவங்களே முடிக்கணும், முடிச்சவங்களே மாட்டணும்.”

“மாப்ளே, இது யோசனை” என்றார் மாமனார். அவர் வாயிலிருந்து மருமகனைப் பற்றி வந்த முதல் பாராட்டு அதுவாகத்தான் இருக்க வேண்டும். வந்ததும் அவருக்கே கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது.

சட்டம் போடுவது சுலபம். சனிக்கிழமை காலை மாமனார் மாற்றி முடித்து, கிளிப்பை மாட்டிவிட்டு, செய்தித்தாளோடு உட்கார்ந்தார். பாலிஷ்காரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரியவர் நன்றாகக் காயவிட்டாரா? மடிப்புக்குள் ஈரம் நின்றிருந்தால்? களிம்பைக் கெட்டியாகப் போட்டிருப்பாரா? தண்ணீர் குடிக்கிற சாக்கில் தொட்டிலைச் சுற்றினான். ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் இன்னொரு சுற்று. கடைசியில் சாக்கு எதுவும் மீதியில்லாமல், கை தானாகவே டயப்பரின் ஓரத்துக்குப் போனது.

“கிளிப்பு” என்றது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“கொசு உட்கார்ந்துச்சு மாமா.”

“கொசுவ நான் பாத்துக்கறேன். நீங்க கைய எடுங்க.”

அசடு வழியத் திரும்பினால் வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள், ஒரு கையை நீட்டிக்கொண்டு.

“என்ன?”

“அந்த மஞ்சத் துணி. குடுங்க.”

“நான் அதத் தொடவே இல்லையே.”

“பேன்ட் பாக்கெட்ல இருந்து வால் மாதிரி தொங்குது.”

துணியை ஒப்படைத்தான். ஆயுதத்தைக் கீழே போடுகிற தளபதியின் முகத்தோடுதான். பதிலுக்கு அவள் வைப்ஸ் பாக்கெட்டை அலமாரியின் மேல்தட்டில் எட்டாத உயரத்தில் வைத்தாள். மாமனாரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரே எழுந்து போய் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, “நான் என் கழுத்துக்குப் போட்டுக்கறேன்” என்று தன் அறைக்கு எடுத்துப் போனார்.

அதன்பிறகு கிளிப் தன் வேலையைப் பார்த்தது. மாட்டுவதும் கழற்றுவதுமாக நாள் ஓடியது. மாற்றுகிற முறை வரும்போதெல்லாம் பாலிஷ்காரன் மணிக்கட்டின் உள்பக்கம் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பான். பஞ்சைப் பிழிந்து, ஒரே இழுப்பில் எடுத்து, அடுத்த பஞ்சுக்குப் போவான். ஒற்றுவான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பான். இந்தச் சும்மா இருப்பதுதான் அவன் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது. உருண்டை விரிப்பின் மேல் அம்மணமாகக் கிடந்து காற்று வாங்கியது. காலை உதைத்து, சூரிய ஒளியைப் பிடிக்கப் பார்த்து, ஒருமுறை அப்பனின் சட்டையையும் நனைத்தது. தண்ணீர் பட்டால் இப்போது வீறிடவில்லை. முகத்தைச் சுளித்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளிப்பைக் கழற்ற வேண்டிய முறை மனைவிக்கு வந்தது. டயப்பரைப் பிரித்தவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்கள். சிவப்பு போய்விட்டிருந்தது. ஒரு மடிப்பில் மட்டும் லேசான ரோஜா நிறம், அதுவும் தேடினால்தான் தெரியும்.

“சொன்னேன்ல?” என்று பாலிஷ்காரன் காலரைத் தூக்கிவிட்டான். “ரெண்டே நாள்னு.”

“நீங்க சொன்ன முறையில விட்டிருந்தா புள்ளைக்கு இந்நேரம் வாக்ஸ் போட்டிருப்பீங்க” என்றாள் மனைவி. ஆனால் அவள் குரலில் முள் இல்லை. பஞ்சை எடுத்து வேலையை முடித்தாள். கிளிப்பை மாட்டினாள். பிறகு போய்ச் சீருடையின் தோள்பட்டையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பாலிஷ்காரன்தான் மாற்றினான். ஒற்றி, காயவிட்டு, களிம்பு போட்டு, டயப்பரை ஒரு விரல் நுழைகிற இடம் விட்டுக் கட்டி, ‘டக்’ என்று கிளிப்பை மாட்டினான். மனைவி சீருடையில் வந்து தொட்டிலருகே நின்றாள். நெஞ்சில் புதிய அட்டை, அதில் பொறுப்பாளர் என்று எழுதியிருந்தது. பையைத் தோளில் மாட்டினாள். இறக்கினாள். மறுபடி மாட்டினாள்.

அவள் கை மெல்லக் கீழே இறங்கியது. விரல் டயப்பரின் ஓரத்தைத் தொட்டது. கண்ணுக்குத் தெரிகிற சுத்தத்தையே நம்பாதவளுக்குக் கணவனை நம்புவது அவ்வளவு சுலபமா என்ன? பாலிஷ்காரன் வாயைத் திறக்கவில்லை. மாமனார்கூட வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அது அபூர்வம்.

அவள் கண் கிளிப்புக்குப் போனது. அதை ஒரு முறை பார்த்தாள். கை அப்படியே மேலேறி உருண்டையின் கன்னத்தைக் கிள்ளியது.

“வரேண்டி உருண்டை. தாத்தாவையும் அப்பாவையும் பாத்துக்கோ” என்றாள். கணவனிடம், “போயிட்டு வரேன்” என்றாள். பிரித்துப் பார்க்காமலே படியிறங்கினாள்.

பாலிஷ்காரன் அவள் இறங்கிப் போன படியையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தன்றுகூட அவள் அவனை இவ்வளவு நம்பியதாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

“என்ன மாப்ளே, கண்ணு கலங்குது?”

“களிம்பு பட்டுடுச்சு மாமா.”

“கண்ணுலயா போட்டீங்க?”

பதில் சொல்வதற்குள் தொட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்ன உடம்பிலிருந்து வந்த பெரிய சத்தம். தொடர்ந்து, சந்தேகத்துக்கு இடமே வைக்காத வாசனை. உருண்டை அம்மாவின் முதல் நாளைத் தன் பாணியில் தொடங்கிவைத்துவிட்டு, சாதித்த முகத்தோடு கூரையைப் பார்த்தது.

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மாமனாரின் கை நீண்டது. பாலிஷ்காரனின் கை அதைவிட வேகமாக நீண்டு கிளிப்பைப் பிடுங்கியது.

“கழட்டினவன்தான் முடிக்கணும் மாமா” என்றான், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. “நீங்க தண்ணிய மட்டும் கொண்டாங்க. வெதுவெதுப்பா.”